மூடிக் கிடந்த கணப்பை மறுபடி மூட்டலாமா?

கேள்வி: குன்னூரில் 1930களில் கட்டிய தகரக் கூரை பங்களா ஒன்றில் குடியிருக்கிறோம். வரவேற்பறையில் இருக்கும் கணப்பை, அதாவது சுவரோடு கட்டிய ஃபயர்பிளேஸை, 30 வருடங்களுக்கு முன்பே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதே சுவரின் மறுபக்கம் அம்மாவின் படுக்கையறை. அங்கேயும் ஒரு கணப்பு உண்டு, அதன் வாயைப் பிளைவுட் பலகை மறைத்திருக்கிறது. இரண்டுக்கும் கூரைமேல் ஒரே சிம்னிதான், உச்சியில் 9 அங்குலச் சதுரத்தில் இரண்டு துளைகள். போன மாதம் வரவேற்பறை அடைப்பை உடைத்து, காகிதத்தைக் கொளுத்திப் பார்த்தோம். புகை முழுக்க அறைக்குள்ளேயே திரும்பிவிட்டது. கணப்பின் வாய் 36 அங்குல அகலம், 32 அங்குல உயரம், 20 அங்குல ஆழம். மேலே சுவரில் பழுப்புக் கறை. "துளை சின்னதாக இருக்கிறது, நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கினால் புகை இழுக்கும்" என்கிறார் கொத்தனார். அம்மாவுக்கு 74 வயது, குளிர் தாங்கவில்லை. இந்த மார்கழிக்குள் மூட்ட முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, இந்த மார்கழிக்கு வேண்டாம். அடுத்த மார்கழிக்கு நிச்சயம் மூட்டலாம். கொத்தனார் சொன்ன நடுச்சுவர் இடிப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய விடாதீர்கள்.

சிம்னிக்குள் இரண்டு புகைவழிகளையும் பிரிக்கும் அந்த நடுச்சுவர் அரைக்கல் கனம், அதாவது நாலரை அங்குலம்தான். உங்கள் கணப்பின் புகைக்கும் உங்கள் அம்மா படுத்திருக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு அதுதான். அதை இடித்தால் வரவேற்பறைப் புகை பாதி வழியில் மறுபக்கம் இறங்கி, பிளைவுட் இடுக்கு வழியாகப் படுக்கையறைக்குப் போகும். புகையாவது கண்ணுக்குத் தெரியும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடுவார். இடித்தால் புகையின் இழுவையும் அதிகமாகாது, குறையத்தான் செய்யும். பக்கத்துக் கணப்பின் வாய் வழியாகக் குளிர்காற்று ஏறிவந்து உங்கள் புகையைக் குளிரவைத்துவிடும். ஒரு கணப்புக்கு ஒரு புகைவழி என்பது மாற்ற முடியாத விதி.

காகிதம் கொளுத்தியபோது புகை திரும்பியதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். உச்சியில் யாராவது பலகைக்கல்லோ தகரமோ வைத்து மூடியிருப்பார்கள், அல்லது நடுவில் கூடு அடைத்திருக்கும். 30 வருடம் சூடேறாத செங்கல் முழுக்க ஈரமும் குளிரும் நிறைந்திருக்கும், அதற்குள் நிற்கும் கனத்த காற்றை ஒரு காகிதச் சூடு தள்ள முடியாது. மூன்றாவது அளவுக் கணக்கு. திறந்த கணப்பின் வாய்ப்பரப்பு, புகைவழிப் பரப்பைப்போல் 10 முதல் 12 மடங்குக்குள் இருக்க வேண்டும். உங்கள் வாய் 36 × 32, அதாவது 1152 சதுர அங்குலம். புகைவழி 9 × 9, அதாவது 81. கிட்டத்தட்ட 14 மடங்கு ஆகிறது. கொத்தனார் 'சின்னது' என்று பார்த்தது சரிதான், ஆனால் திருத்த வேண்டியது புகைவழியை அல்ல, கீழே இருக்கும் வாயை. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் சிம்னியின் உச்சி. ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டியே ஏற வேண்டும். பழைய தகரத்தில் ஆணி வரிசைமேல், அதாவது அடியில் சட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும். சிம்னியைப் பிடித்து எழுந்திருக்கவே கூடாது, மேல் நாலைந்து வரிசைக் கற்கள் காரை உதிர்ந்து வெறுமனே உட்கார்ந்திருக்கக்கூடும். மூடியை எடுப்பதற்கு முன் காதை வைத்துக் கேளுங்கள். பொந்தில் கூடு கட்டும் தேனீக்களுக்குக் கைவிடப்பட்ட சிம்னி மிகப் பிடித்த இடம். இரைச்சல் கேட்டால் தேன் வளர்ப்பவரை அழைத்துக் கூட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள். கீழே தீ மூட்டி விரட்ட நினைத்தால் மெழுகு உருகிப் புகைவழி முழுக்க எரியும். கூகையோ மைனாவோ குஞ்சு பொரித்திருந்தால் அவை பறந்து போகும்வரை காத்திருங்கள்.

உச்சி திறந்ததும் கீழே கணப்புக்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். வானம் தெரிந்தால் புகைவழி நேர், தெரியாவிட்டால் வளைவோ அடைப்போ உண்டு. ஒரு கிலோ மணலைத் துணிப்பையில் கட்டிக் கயிற்றில் மேலிருந்து இறக்கினால் எந்த ஆழத்தில் தட்டுகிறது என்பது தெரியும், கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் மாட்டும் 10 மீட்டர் கேபிள் கேமரா ஆன்லைனில் கிடைக்கிறது. அதை இறக்கி முழு நீளத்தையும் வீடியோவாக எடுத்து வையுங்கள். உள்பூச்சு எங்கே உரிந்திருக்கிறது, எந்தக் கல்லுக்கு நடுவே இடுக்கு விட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

சுத்தம் செய்ய 9 அங்குல நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ்ஷும் சங்கிலியும் வேண்டாம், 90 வருடச் சுண்ணாம்புப் பூச்சையும் அந்த அரைக்கல் நடுச்சுவரையும் அவை பெயர்த்துவிடும். கயிற்றின் நடுவே பிரஷ்ஷைக் கட்டி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று மாறி மாறி இழுப்பதுதான் எளிது. கணப்பின் வாயை ஈரச் சாக்கால் முழுக்க மூடி, கயிறு வர ஒரு ஓட்டை மட்டும் விடுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். விழுவது தூசியாக இருந்தால் நல்லது. தார்போலக் கறுத்துப் பளபளப்பாகச் சுவரோடு ஒட்டியிருந்தால் அது கிரியோசோட், அரைகுறையாக எரிந்த விறகின் பிசின். அது தீப்பிடித்தால் சிம்னிக்குள் 1000 டிகிரிக்கு மேல் சூடு போகும். பிரஷ்ஷுக்கு அது வராது, அதற்கான ரசாயனப் பொடி போட்டு இளக்கித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து சீலிங்குக்கு மேலே ஏறுங்கள். வேலையின் இதயம் அங்கேதான் இருக்கிறது. இந்த வீடுகளில் கணப்பின் முன்புறத்தை எல்லாரும் பாலிஷ் போட்டு அழகாக்குகிறார்கள், மச்சுக்குள் சிம்னி எப்படி நிற்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. டார்ச் அடித்து நான்கு பக்கமும் பாருங்கள். உத்திரமோ கைமரமோ சீலிங் பலகையோ செங்கலைத் தொடுகிறதா, செங்கலுக்குள் சொருகியிருக்கிறதா? மரத்துக்கும் சிம்னிக்கும் நடுவே 2 அங்குல வெற்றிடம் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட மரம் உள்ளுக்குள் கரியாகி, சாதாரண மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். முன்னோர் மூட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே என்பது இதில் செல்லாது. அவர்கள் மூட்டிய ஒவ்வொரு தீயும் அந்த மரத்தை இன்னும் கொஞ்சம் பக்குவப்படுத்தித்தான் வைத்திருக்கிறது. தொடும் மரத்தை அறுத்து, குறுக்குச் சட்டம் கொடுத்துத் தாங்கவைக்கத் தச்சர் வேண்டும். செங்கல் மூட்டுகளில் மச்சுக்குள் கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த வழியாகப் புகை கசிந்திருக்கிறது, சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

கண்ணால் பார்த்து முடித்தபின் புகைச் சோதனை. இதைப் பகலில், எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுச் செய்யுங்கள். முதலில் கணப்பில் ஒரு காகிதச் சுருளைக் கொளுத்தி வாய்க்கு மேலே தூக்கிப்பிடித்து, புகைவழியைப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு ஊதுபத்தியை வாயருகே காட்டுங்கள், புகை உள்ளே வளைந்து மேலேறினால் இழுவை வந்துவிட்டது. இப்போது புகைச் சோதனை மாத்திரையைப் பற்றவையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு தட்டில் தணல் போட்டு, நனைந்த வைக்கோலும் நாலு கைப்பிடி சாம்பிராணியும் போடுங்கள். கெட்டிப் புகை உச்சியில் வந்ததும், மேலே இருப்பவர் உங்கள் துளையை மட்டும் ஈரச்சாக்கால் அடைக்க வேண்டும். கீழே வாயையும் தகரத்தால் மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அதற்குள் ஒருவர் மச்சில், ஒருவர் அம்மாவின் அறையில், ஒருவர் கூரையில் பார்க்க வேண்டும்.

அம்மாவின் அறையில் பிளைவுட்டை முன்கூட்டியே கழற்றிவிட்டு, அந்தக் கணப்பின் வாயில் மூக்கை வைத்துப் பாருங்கள். சாம்பிராணி வாசனை வருகிறதா? கூரையில் இருப்பவருக்குப் பக்கத்துத் துளையிலிருந்து புகை எழுவது தெரிகிறதா? தெரிந்தால் நடுச்சுவர் ஏற்கெனவே ஓட்டை. 90 வருட வீட்டில் இது அதிசயமே இல்லை. புகைவழியைச் சரிசெய்யும்வரை ஒரு விறகுகூட வைக்கக் கூடாது.

சரிசெய்ய இரண்டு வழி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்குவது சுலபம், ஆனால் உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. 9 அங்குலத் துளைக்குள் அதிகபட்சம் 8 அங்குலக் குழாய்தான் போகும். அதன் பரப்பு 50 சதுர அங்குலம், அதற்குத் தகுந்த வாய் 600-ஐத் தாண்டக் கூடாது. திறந்த கணப்பு அதற்குப்பின் எலிப்பொந்து மாதிரி ஆகிவிடும். கதவு வைத்த இரும்பு விறகு ஸ்டவ் வைப்பதாக இருந்தால் 316 ரக 6 அங்குலக் குழாய் நல்ல தீர்வு. சூட்டைக் கணக்கிட்டால் அதுவே மேல். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி வானத்துக்குப் போகிறது, நல்ல ஸ்டவ்வில் பெரும்பகுதி அறைக்கு வரும். அம்மாவின் குளிருக்காகத்தான் என்றால் இதை யோசியுங்கள். திறந்த தீயின் முன் உட்காருவதுதான் ஆசை என்றால் இரண்டாவது வழி, பழையபடி சுண்ணாம்புப் பூச்சு.

அதற்கு மச்சுக்குள்ளும் கூரைக்கு மேலேயும் சிம்னியின் பக்கச் சுவரில் நாலடிக்கு ஒரு இடத்தில் இரண்டு மூன்று கல்லை எடுத்து ஜன்னல் போலத் திறக்க வேண்டும். கை எட்டும் தூரம்வரை உரிந்த காரையைச் சுரண்டி, ஈரம் காட்டி, அரை அங்குலம் பூசி, கல்லைத் திரும்ப வைத்து அடைக்க வேண்டும். அறைக்குள் இருக்கும் பகுதியைக் கணப்பின் வாய் வழியாகவும், தேவைப்பட்டால் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தும் பூசலாம். கலவை: நீற்றி நன்றாக ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, செங்கல் பொடி 1 பங்கு, கழுவிய மணல் 2 பங்கு. சிமென்ட் ஒரு கரண்டிகூட வேண்டாம். சூட்டில் செங்கல் விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்பு கூடவே அசைந்து கொடுக்கும். சிமென்ட் கொடுக்காது, விண்டு தகடாக விழும், ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும். நடுச்சுவரின் இரண்டு முகமும் பூச வேண்டும், அடுத்த துளை வழியாகவும்.

இதனால்தான் இந்த வருடம் வேண்டாம் என்றேன். ஐப்பசி முதல் மார்கழிவரை குன்னூரில் வடகிழக்குப் பருவமழை, அதன்பின் உறைபனி. நனைந்த சுவரில் சுண்ணாம்பு இறுகாது, பச்சைக் காரையில் பனி உறைந்தால் பொடியாக உதிரும். இப்போது உச்சியைத் திறந்து, மேலே மழைமூடி மட்டும் வைத்துக் காற்றோட விடுங்கள். பூச்சு வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஈரச்சாக்கு போர்த்திக் காக்க வேண்டும், முழுதாக 28 நாள் இறுக வேண்டும். இதற்குள் நகராட்சியில் பழுதுபார்ப்பு அனுமதி வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள், மலைப்பகுதியில் கட்டட விதிகள் கெடுபிடியானவை.

அந்தப் பழுப்புக் கறை மழைக் கசிவும் பழைய புகைக்கரியின் உப்பும் சேர்ந்தது. மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே திரும்பி வரும். சிம்னி கூரையைத் துளைக்கும் இடத்தில் தகர மடிப்பைச் சரிசெய்து, சுவர் உலர்ந்தபின் கறைக்கு ஒரு அடி சுற்றிலும் பூச்சைப் பெயர்த்துச் சுண்ணாம்பில் பூசுங்கள்.

இப்போது வாயின் அளவுக்கு வருவோம். உள்பக்கம் மூன்று சுவருக்கும் ஃபயர் பிரிக், அதாவது நெருப்பைத் தாங்கும் செங்கல் வையுங்கள். 9 × 4½ × 3 அங்குலக் கல், நாலரை அங்குலக் கனமாக, பழைய சுவரோடு அரை அங்குல இடைவெளி விட்டு. இரண்டு பக்கமும் சேர்ந்து 10 அங்குலம் குறைந்து வாய் 26 அங்குல அகலம் ஆகும். 26 × 32 என்றால் 832, புகைவழியைப்போல் பத்தேகால் மடங்கு. ஒரே வேலையில் வெந்து நைந்த பழைய செங்கலுக்குக் கவசமும் ஆயிற்று, கணக்கும் நேராயிற்று. ஏறக்குறைய 80 கல் பிடிக்கும். இணைப்புக்குக் காற்றில் இறுகும் வகை ஃபயர் கிளே கலவை கேட்டு வாங்குங்கள். வெறும் ஃபயர் கிளே நெருப்பில் வேகும்வரை களிமண்ணாகவே இருக்கும். மூட்டு 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அந்த இடத்தில்தான் முதலில் உதிரும். இடைவெளியில் கலவையைத் திணிக்க வேண்டாம், வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் லேசான தாதுத் துகளைத் தளர்வாகக் கொட்டுங்கள், கல் விரிய இடம் வேண்டும். பக்கச் சுவர்களை முன்னோக்கி விரியும்படி சாய்த்து, மேலே புகைவழியோடு சேரும் தொண்டையை 4 அங்குலமாகக் குறுக்கினால் சூடு அறைக்குள் திரும்பும். 1790களில் விஞ்ஞானி கவுன்ட் ரம்ஃபோர்டு சொல்லிக்கொடுத்த இந்த வடிவத்துக்கு இன்றும் ஈடு இல்லை. வாய்க்கு மேலே இருக்கும் இரும்புப் பட்டையையும் தட்டிப் பாருங்கள். துரு வீங்கி மேல்கல்லைத் தூக்கியிருந்தால் முட்டுக்கொடுத்து மாற்றிவிடுங்கள்.

வாய்க்கு முன்னால் எரியாத கல் தளம் 20 அங்குலமும் இருபக்கமும் 12 அங்குலமும் வர வேண்டும். உங்கள் அறை மரத்தரையாக இருந்தால் அந்தத் தளத்தின் அடியில் பலகை ஓடுகிறதா என்று ஒரு ஓரக்கல்லை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மேல்பலகையும் மரச் சட்டங்களும் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் வரக் கூடாது.

உச்சியில் உங்கள் துளைமேல் ஒரு சுட்டமண் குழாயையோ செங்கல் வரிசையையோ வைத்து, பக்கத்துத் துளையைவிட ஒரு அடி உயர்த்துங்கள். இல்லையென்றால் இதில் போகும் புகையை அது உறிஞ்சி இறக்கும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரை முகடு எதையும்விட சிம்னி 2 அடி உயரமாக இருக்கட்டும். மூடிக்கும் துளைக்கும் நடுவே 8 அங்குலம் விட்டு, முக்கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை சுற்றுங்கள். அதைவிடச் சிறிய கண் கரி அடைத்துக்கொள்ளும். அம்மாவின் அறைக் கணப்பை ஒரு கல் கனத்தில் கட்டிக் காற்றுப் புகாமல் பூசிவிடுங்கள். அந்தத் துளைக்கு வேண்டிய காற்றுக் கண்ணை மச்சுக்குள் வையுங்கள், அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் இறுகியபின் அதே சாம்பிராணிச் சோதனையை மறுபடி செய்து, தேறினால் தீ மூட்டலாம். முதல் நாள் சுள்ளி மட்டும், அரை மணி நேரம். அடுத்த நாள் ஒரு மணி நேரம். ஒரு வாரம் இப்படிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல்லின் முகத்தைத் தெறிக்கவைக்கும். இதற்குப்பின்னும் புகை கொஞ்சம் முன்னால் வழிந்தால், இருவர் ஒரு தகரத் தகட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, வாயின் மேல் விளிம்பிலிருந்து அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். புகை நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள், அந்த உயரத்துக்கு ஒரு நிரந்தரப் பட்டை அடித்தால் போதும். சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும்போது சோதிக்காதீர்கள், அது சிம்னி வழியாகவே காற்றை இழுக்கும்.

விறகை இப்போதே வாங்குங்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காய்ந்துவிட்டால் கோடாலி இறங்காது, பச்சையாகவே பிளந்து, அடியில் கட்டை கொடுத்து, மேலே மட்டும் தகரம் போட்டு அடுக்கினால் ஒரு வருடத்தில் தயாராகும். சீகை (வாட்டில் மரம்) அதற்கு முன்பே காயும். ஒரு துண்டில் பெயின்டால் குறியிட்டு மாதாமாதம் எடை போடுங்கள், வெயில் காலம் முடியும்போது எடை குறைவது நின்றிருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஈரமானி இருந்தால் புதிதாகப் பிளந்த முகத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். ஈர விறகுதான் அந்தக் கறுத்த கிரியோசோட்டுக்குத் தாய். சொந்தத் தோட்டத்து மரமானாலும் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. சோலைக்காட்டு மரத்துக் கட்டையை யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் இரண்டும் தீயில் நஞ்சு.

ஈஎன் 50291 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்குங்கள். ஒன்று வரவேற்பறையில், கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள். மற்றது அம்மாவின் அறையில், தலையணை உயரத்தில். தீ எரியும்போது ஒரு ஜன்னல் இரண்டு விரல்கடை திறந்தே இருக்கட்டும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு எதுவானாலும் முதலில் எல்லாரும் வெளியே. சிம்னியை வருடம் ஒருமுறை, பருவம் தொடங்குமுன் துடைக்க வேண்டும். நடுவில் கரி 3 மில்லிமீட்டர் கனத்தைத் தொட்டாலும் துடைக்க வேண்டும்.

இந்தக் குளிருக்கு அம்மாவின் அறையில் எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் வையுங்கள். 2000 வாட் என்றால் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும், பழைய வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்தபின். நெருப்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மலையூர் விடுதிகளில் அப்படித் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் நாம் எல்லாரும் படித்தவைதான்.

சாம்பலை அள்ளும்போது அடியில் ஒரு அங்குலம் விட்டுவையுங்கள், அடுத்த தீ அதன்மேல் சுலபமாகப் பிடிக்கும். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, கல்லின்மேல் மூன்று நாள் வையுங்கள். ஆறியது போலத் தெரியும் சாம்பலுக்குள் கனல் உயிரோடு இருக்கும். பிறகு காய்கறிப் பாத்திக்குப் போடலாம். புளிப்பு மண் கேட்கும் தேயிலைக்கும் அசேலியாவுக்கும் கேமெலியாவுக்கும் வேண்டாம்.